அடுப்புக்கு எதற்கு உபவாசம்?

சபையில் சாட்சி சொல்ல நான் எழுந்தாலே பாஸ்டர் அம்மா கையைத் தாழ்த்தி, மெதுவாகப் பேசும்படி சைகை காட்டுவார்கள். எனக்குக் குரல் அப்படி. கோபமும் அப்படி. அதனால்தான் இதை எழுதியே தருகிறேன். எழுதும்போதும் கோபம் வருகிறது. கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும்போது கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

என் பெயர் சுகந்தி. கவரைப்பேட்டையில் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிற லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். நான், என் வீட்டுக்காரர், மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் ஜெனி, இன்னும் பால்வாடிக்குப் போகாத சின்னவன் சாம். இருப்பது ஒரே அறை. அதன் மூலையில் கடப்பைக் கல் போட்ட ஒரு மேடை, மேடை மேல் இரண்டு பர்னர் அடுப்பு. அதுதான் என் சமையலறை. அந்த அடுப்பை வைத்துத்தான் என் மானம் போனது.

போன வருஷம் சித்திரை மாதம் என் வீட்டுக்காரருக்கு விபத்து நடந்தது. இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை செய்தார். கொதிக்கிற இரும்பு தெறித்து பூட்ஸுக்குள் விழுந்து இடது பாதம் வெந்துபோயிற்று. கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். நான் காலையில் நாலு வீடு பாத்திரம் தேய்த்து வருவதுதான் வருமானம்.

அந்த நேரம் பார்த்து எங்களுக்கு ரேஷன் கார்டு இல்லை. அதற்கு முன்பு எங்கள் பெயர்கள் வேப்பம்பட்டில் இருக்கிற மாமனார் கார்டில் இருந்தன. அரிசி அந்த வீட்டுக்குப் போனது. தனிக் குடித்தனம் வந்தவர்கள் தனிக் கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் பழைய கார்டில் பெயரை நீக்கினால்தான் புதிய கார்டுக்கு மனு போட முடியும். விபத்துக்கு முன்பே நீக்கிவிட்டோம், மனுவும் போட்டுவிட்டோம். பழைய கார்டில் பெயர் இல்லை, புதிய கார்டு வரவில்லை. உயிரோடு இருக்கிற நாலு பேர், எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லை.

அரிசி வாங்க முடியாமல் நொய் வாங்கினேன். நொய்க் கஞ்சியைப் பிள்ளைகளுக்கும் அவருக்கும் ஊற்றிவிட்டு, மிச்சத்தில் தண்ணீரை விட்டு நான் குடிப்பேன். பள்ளிக்கூடம் திறந்தபின் ஜெனி மத்தியானம் அங்கே சாப்பிட்டாள். ஒரு நாள் மாலை அவள் பையைத் திறந்தேன். சத்துணவில் போட்ட முட்டையைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். "தம்பிக்கு" என்றாள். தினமும் இப்படித்தான் கொண்டுவந்து, எனக்குத் தெரியாமல் அவனுக்கு ஊட்டியிருக்கிறாள். அன்று நான் அழவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

அரசாங்கம் ஏழைக்கு என்று ஒதுக்கி வைத்த அரிசி அது. எங்களைவிட ஏழை என்று யாரைத் தேடப் போகிறார்கள்? ஜெபத்தில் இதைத்தான் கேட்டேன். சபையிலும் சொன்னேன். எல்லாருமாக எங்கள் கார்டுக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தோம்.

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சாயந்திர ஜெபம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாது. அதோடு அடுப்பும் பற்ற வைக்க மாட்டோம். முதல் நாளே பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அடுப்பைத் துடைத்து வைத்துவிடுவோம். குழம்பு வாசனை வந்தால் மனசு அலையும் என்று யாரோ ஆரம்பித்தது, அப்படியே சட்டமாகிவிட்டது. பாஸ்டர் இதைச் சொல்லவே இல்லை. நாங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

அப்படி ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. பக்கத்து அறை ஹசீனா அக்காவுக்கு காலையில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அக்கா பழவேற்காட்டுக்காரர். அவர் வீட்டுக்காரர் புதுவாயலில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். நம் அடுப்புதான் இன்று எரியப் போவதில்லையே என்று என் சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்தேன். மாலையில் பள்ளி விட்டு வந்த ஜெனியையும் சாமையும் அக்கா கூப்பிட்டு, தன் பிள்ளைகளோடு உட்கார வைத்து சோறு போட்டார்.

அந்த நேரத்தில்தான் கார்டு விசாரணைக்கு அதிகாரி வந்தார். கையில் போன், கழுத்தில் அடையாள அட்டை. நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே எழுந்தேன். ஜெபித்துக்கொண்டு இருக்கும்போதே பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் நேராக மூலைக்குப் போனார்.

"சிலிண்டர் எங்கம்மா?"

"பக்கத்து ஊட்டு அக்காவுக்கு தீந்துபோச்சு சார். குடுத்திருக்கேன்."

"அப்ப நீங்க எதுல சமைக்கிறீங்க?"

"இன்னிக்கு சமைக்கல சார். உபவாசம்."

"பசங்க சாப்பிட வேணாமா?"

"அக்கா ஊட்ல சாப்ட்டுக்கினு இருக்குதுங்க சார்."

அடுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. கவிழ்த்த பாத்திரங்களை ஒரு படம் எடுத்தார், சிலிண்டர் இல்லாத டியூபை ஒரு படம் எடுத்தார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த மனுஷனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சில நாளில் போனில் செய்தி வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்க இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தாள். தனிச் சமையல் இல்லை, பக்கத்து வீட்டோடு கூட்டுச் சமையல் என்று எழுதியிருக்கிறது என்றாள். எனக்குக் காதில் விழவில்லை போல இருந்தது. இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

தனியாக அடுப்பு எரிகிற வீட்டுக்குத்தான் தனிக் கார்டு. அது சட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லாததால்தானே கார்டு கேட்கிறோம். அடுப்பு தினமும் கொதிக்கிறவனுக்குத்தான் அரிசி என்றால், அரிசி இல்லாதவன் எதைக் கொதிக்க வைப்பான்?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முட்டி போட்டேன். நான் செய்த ஜெபத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். "ஆண்டவரே, கார்டுக்காகத்தான் பட்டினி கிடந்தேன். அந்தப் பட்டினியையே காரணமாகக் காட்டி கார்டு இல்லை என்று எழுதிவிட்டான். அவன் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? இப்போது நீரே வழி சொல்லும். சொல்லாமல் நான் எழுந்திருக்க மாட்டேன்." இப்படிச் சண்டை போட்டேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

சபையில் ஒரு சகோதரி என் தோளைத் தடவிக்கொண்டே, "உங்க உபவாசத்துல எங்கியோ ஓட்டை இருக்குது சிஸ்டர். இன்னும் ஆழமா போங்க" என்றார்.

"ஓட்டை என் வயித்துலதான் இருக்குது சிஸ்டர்" என்றேன். இதற்காகப் பிறகு என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சொன்னது பொய் இல்லை.

தாலுகா ஆபீஸ் வாசல் டீக்கடையில் ஒருவர் எல்லா மனுவையும் தான் முடித்துக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னாமா, கொஞ்சம் டப்பு தள்ளுனா உன் அடுப்பு தானா எரியும்" என்றார். "டப்பு இருந்தா நான் ஏன்யா ரேஷன் அரிசிக்கு நாயா அலையறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை ரேஷன் குறைகளைக் கேட்க முகாம் நடக்கும். அதற்குப் போவதாக ஹசீனா அக்காவிடம் சொன்னேன். அவர் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"நீ எதுக்குக்கா?"

"பக்கத்து ஊட்டோட கூட்டுச் சமையல்னு எழுதிக்கிறாரு இல்ல. அந்தப் பக்கத்து ஊடு நான்தான. ரெண்டு பசங்களுக்கு ஒரு வாய் சோறு போட்டதுக்கு ஒன் கார்டு போவுமா? அந்தாளாண்ட நானே கேக்கறேன்."

முகாமில் பெரிய வரிசை. என் முறை வந்தபோது அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு பெண் அதிகாரி. அந்த விசாரணை அதிகாரியும் பக்கத்திலேயே நின்றார். "அடுப்பே எரியல மேடம். சிலிண்டரே கெடையாது. போட்டோ இருக்கு" என்று போனை நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். சபையே மெதுவாகப் பேசச் சொல்கிற எனக்கு அன்று குரல் வரவில்லை. அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, உபவாசம். சாயந்திரமும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஹசீனா அக்கா என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார். "மேடம், ரம்ஜான் மாசம் பகல்ல எங்க ஊட்டாண்ட வந்து பாருங்க. அடுப்பு ஜில்லுனு கெடக்கும். அத்தப் பாத்துட்டு ஹசீனாவுக்கு குடும்பமே இல்லன்னு எழுதுவாரா சாரு? இவளுக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நோன்பு. மத்த நாள்ல வந்து பாக்க சொல்லுங்க. சிலிண்டர் இவளுது, அன்னிக்கு நான் எரவலா வாங்கினது. தீந்துபோனா ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்குவோம். லைன் ஊட்ல அப்படித்தான் பொழைக்கிறோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. போனில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மறுபடி போய்ப் பாருங்க. முன்கூட்டிச் சொல்லாம போங்க" என்று அதிகாரியிடம் சொன்னார்.

சொல்லாமல் வருவார் என்றால், எந்த நாளும் வரலாம். ஞாயிறு கழிந்தது. ஒவ்வொரு நாளும் கஞ்சியை அடுப்பிலேயே வைத்துக்கொண்டு, வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வியாழக்கிழமையும் போனது. மறுநாள் வெள்ளி.

என் வீட்டுக்காரர் சொன்னார். "இந்த ஒரு வாரம் வுட்டுடு சுகந்தி. அடுப்பப் பத்த வெச்சிக்கினு சாப்டு. கர்த்தர் கோச்சிக்க மாட்டாரு."

"ஒரு அரிசி மூட்டைக்காக உபவாசத்த வுட சொல்றியா?" என்று அவரிடம் பாய்ந்தேன். பாவம், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பிடிவாதம். உள்ளே பயமும். அடுப்பைப் பற்ற வைத்தால் விசுவாசம் போச்சு, பற்ற வைக்காவிட்டால் கார்டு போச்சு. வெள்ளிக்கிழமை விடிந்தபோதும் பாத்திரங்கள் கவிழ்ந்தே இருந்தன.

மத்தியானம் ஹசீனா அக்கா ஒரு சட்டியோடு வந்தார். பழவேற்காட்டிலிருந்து அவர் தம்பி மடவை மீன் கொண்டுவந்திருக்கிறார். கழுவி, துண்டு போட்டு, மஞ்சள் தடவிய மீன். அதோடு ஒரு பை அரிசி. இரண்டையும் கல் மேடையில் வைத்தார்.

"அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கெழம" என்றேன்.

"தெரியுது. ஒன்ன யாரு துன்ன சொன்னா?" என்றார். "நோன்புல நாங்க இன்னா அடுப்பக் கவுத்துப் போட்டுக்கினா உக்காந்துகினு கீறோம்? சாயங்காலம் ஆனா கஞ்சி காய்ச்சி தெருவுக்கே ஊத்தறோம். வாயில வெக்காமதான் காய்ச்சறோம். நோன்பு ஒனக்குடி. அடுப்புக்கு எதுக்கு? பசங்களுக்கு எதுக்கு? காலு வெந்து படுத்துக்கினு கீறாரே, அவருக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டுக்காரர் தொழுகை முடிந்து சாப்பிட வருகிற நேரம்.

ஜெனி பள்ளி விட்டு வருகிற நேரம்வரை நான் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வழி சொல்லும் என்று சண்டை போட்டேனே, அதற்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. பாஸ்டர் வாயால் வரும் என்று நினைத்தேன். பக்கத்து அறையிலிருந்து வந்தது. பிள்ளைகளை அடுத்த வீட்டுச் சோற்றுக்கு அனுப்பிவிட்டு, துடைத்த அடுப்பின் முன்னால் நான் பரிசுத்தமாக உட்கார்ந்திருந்திருக்கிறேன். அதை நினைத்ததும் அதுவரை ஊர் மேலே இருந்த கோபம் என் மேலேயே திரும்பியது. ஸ்தோத்திரம் சொல்லி அடுப்பைப் பற்ற வைத்தேன்.

உலை வைத்தேன். புளி கரைத்துக் குழம்பு கூட்டினேன். வாசனை ஏறியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்கவில்லை.

குழம்பு கொதிக்கும்போது வாசலில் வண்டி நின்றது. அதே அதிகாரி. வெயிலில் அலைந்து சட்டை நனைந்திருந்தது. ஜெனி பள்ளியிலிருந்து வந்து தம்பியோடு தட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். அவர் அடுப்பைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே. உபவாசம் இல்லையா?"

"இருக்குது சார்."

"உபவாசத்துல மீன் குழம்பா?" என்று சிரித்தார். "யார் சமைச்சது? அந்தம்மாவா?"

அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன முறை அடுப்பு எரியவில்லை என்று எழுதினார். இன்று எரிகிறது, அதற்கும் சிரிக்கிறார். நான் ஒரு தட்டை எடுத்தேன். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், ஒரு துண்டு மீனும் வைத்தேன். "உக்காருங்க சார். யாரு சமைச்சதுன்னு துன்னு பாத்துட்டு எழுதுங்க." நான் அன்பினால் சோறு போட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தில் போட்டேன்.

வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் அவர் முகத்தில் பசி தெரிந்தது. பசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றவர் நிறுத்திவிட்டார்.

"உப்பே இல்லையேம்மா."

"உப்பு பாக்கல சார், அதான் போடல. சாயந்திரம் ஜெபம் முடியற வரைக்கும் எனக்கு நாக்குல எதுவும் படக்கூடாது. அக்கா ஊட்ல சமைச்சிருந்தா உப்பு இருந்திருக்கும்."

ஜெனி போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் உப்பைப் பிசைந்துகொண்டு சாப்பிட்டார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார். "எங்கம்மாவும் கிருத்திகைக்கு இப்படித்தான். திருத்தணிக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் விரதம். உப்பு பாக்காம எங்களுக்குச் சமைச்சுப் போடுவாங்க."

"அது தெரிஞ்சுமா சார் எனக்கு அப்படி எழுதுனீங்க?"

தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரர் காலை முதல் தடவையாகப் பார்த்தார். அது எப்படி ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அடுப்பைப் படம் எடுத்தார். இந்த முறை குழம்புச் சட்டியோடு.

அன்று மாலை ஜெபத்துக்குப் போனேன். அழுதுகொண்டே இருந்தேன். ஜெபம் முடிந்து வந்து, அந்த உப்பில்லாக் குழம்பில் உப்புப் போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தண்ணீர் விடாத சோறு.

கார்டு வந்தது. முதல் முறை ரேஷன் கடையில் அரிசி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது, என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றார். அன்று மத்தியானம் ஜெனி பள்ளியில் முட்டையைத் தானே சாப்பிட்டாள். வந்ததும் சொன்னாள். "அம்மா, மொத்தமும் நானே துன்னுட்டேன்." அதைக் கேட்டபோது நான் போட்ட ஸ்தோத்திரம் லைன் முழுவதும் கேட்டிருக்கும். இப்போது என் வீட்டுக்காரர் காலும் ஆறி, ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

ஆனால் கோபம் போகவில்லை. அது போகட்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை. எங்களுக்கு உரிமையுள்ள அரிசிக்கு நாங்கள் ஏன் ஒருவர் முன்னால் அடுப்பைக் கொதிக்க வைத்துக் காட்ட வேண்டும்? எங்கள் லைனில் கடைசி அறையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறாள். அவள் மனுவுக்கும் தனிச் சமையல் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அவள் அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். வருகிற முகாமுக்கு நானும் ஹசீனா அக்காவும் அவளோடு போகிறோம். இந்த முறை நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். குரல் வர வேண்டும்.

உபவாசத்தை நான் விடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் சபைப் பெண்கள் பலர் வீட்டில் இப்போது அடுப்பு எரிகிறது. என் உபவாசத்தில் ஓட்டை என்ற அந்தச் சகோதரி வீட்டிலும்தான். கஷ்டத்தில் இருக்கிற என் சகோதர சகோதரிகளே, ஜெபியுங்கள். ஆண்டவரிடம் சண்டை போட வேண்டுமென்றாலும் போடுங்கள், அவர் தாங்குவார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். பதில் மீன் சட்டியோடு வந்து வாசலில் நிற்கும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் சமைக்கிறேன். கடைசி அறைப் பெண்ணும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். குழம்பில் உப்பு இருப்பதில்லை. ஜெனி டப்பாவை நடுவில் வைத்துவிடுகிறாள்.